பெயர் பதிவாகவில்லை என்று ஒரு கடிதம் வேண்டி

அனுப்புநர்:
ச. கலியமூர்த்தி,
அரசுப் பேருந்து நடத்துநர் (ஓய்வு),
திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர் – 607 002.

பெறுநர்:
உயர்திரு மண்டல மேலாளர் அவர்கள்,
கெடிலக்கரை வங்கி,
மண்டல அலுவலகம்,
கடலூர்.

பொருள்: தங்கள் வங்கியின் கைப்பேசிச் செயலி – ‘பேசினால் போதும்’ குரல் சரிபார்ப்பு – கணவர் பெயரை உரக்கச் சொல்லும்படி கேட்டதால் என் மனைவி திருமதி க. பொன்னி அடைந்துள்ள மனத்துயர் – அவர் பெயருக்கு ஒரு கடிதம் வழங்கவும், அக்கேள்வியை மாற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. செயலி வழியாக நான் அளித்த புகார், நாள் 21.07.2025 (‘தீர்க்கப்பட்டது’ என்று காட்டுகிறது).
2. கிளை மேலாளரிடம் நேரில் அளித்த மனு, நாள் 11.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்காணும் விவரங்களைத் தாங்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக எழுதிய இரண்டுக்கும் கிடைத்த பதில் கீழே எட்டாம் பத்தியில் உள்ளது.

1. நான் முப்பத்தோரு ஆண்டுகள் நடத்துநராகப் பணியாற்றி 2017இல் ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி கடலூர் – சிதம்பரம் தடத்தில் கழிந்தது. தங்கள் திருப்பாதிரிப்புலியூர் கிளையில் எனக்கும் என் மனைவிக்கும் சேர்ந்த கணக்கு இருபத்தாறு ஆண்டுகளாக இருந்துவருகிறது. இந்த மனுவில் நான் பணம் கேட்கவில்லை. எங்கள் பணம் எதுவும் காணாமல் போகவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்கு முன் நான் போன இடத்திலெல்லாம் “எவ்வளவு போச்சு சார்?” என்பதே முதல் கேள்வி. ஒன்றும் போகவில்லை என்றதும் எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

2. என் மனைவிக்கு வயது அறுபத்தொன்று. காடாம்புலியூரில் பிறந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நாளிதழை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார். 1984ஆம் ஆண்டு ஆவணியில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. அன்றிலிருந்து அவர் என் பெயரைச் சொன்னதில்லை. கட்டியவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவரைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட ‘இந்தாங்க’ என்பார். பிறரிடம் பேசும்போது நான் ‘எழிலன் அப்பா’. எழிலன் எங்கள் ஒரே மகன், ஓசூரில் வேலை பார்க்கிறான். கோபம் வந்தால் மட்டும் நான் ‘கண்டக்டர்’ ஆகிவிடுவேன்.

ரேஷன் கடையில் பெயர் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுவார். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டம்மாவை அழைத்துச் சொல்ல வைத்தார். பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைக்கு என் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போவார். குருக்கள் அதை வாங்கி வாசித்துவிட்டு மந்திரம் சொல்வார். ‘வாயால் சொன்னால்தான் ஏற்பேன்’ என்று சாமி சொன்னதில்லை, குருக்களும் சொன்னதில்லை. என் பெயரின் முற்பாதி வருகிறது என்பதற்காகக் கலியாணம் என்ற சொல்லைக்கூட அவர் சொல்வதில்லை. எல்லாக் கலியாணமும் எங்கள் வீட்டில் ‘விசேஷம்’தான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாற்பது வருடமாகக் கேலி செய்திருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு, ஒரே ஒரு தடவை சொன்னால் பட்டுப்புடவை எடுத்துத் தருகிறேன் என்று பந்தயம் கட்டினேன். நூல் புடவையே போதும் என்று சொல்லிவிட்டார்.

3. இனி நான் எழுதப்போவது என் குற்றம். புகார் மனுவில் மனுதாரர் தன் குற்றத்தை எழுதுவது வழக்கமில்லை என்று அறிவேன். ஆனால் அதை விட்டுவிட்டால் மற்றது விளங்காது.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், தங்கள் வங்கிக்குச் செயலி வடிவமைத்துத் தரும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் சென்னையிலிருந்து எங்கள் கிளைக்கு வந்தார்கள். செல்வி சத்யப்பிரியா என்பவர் பொறுப்பாளர். என் மகன் வயதுதான் இருக்கும். புதிய செயலியை வெளியிடும் முன் சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும், எங்கே திணறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்றார். எழுதத் தடுமாறுகிறவர்கள் இனி எழுத வேண்டாம், கேட்டதற்கு வாயால் பதில் சொன்னாலே போதும் என்பதுதான் அந்தச் செயலியின் சிறப்பு. நல்ல எண்ணம்தான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பதினான்கு பேரை நான் திரட்டிக் கொடுத்தேன். பதினான்கு பேரும் ஆண்கள். செயலி எங்களிடம், ‘உங்கள் மனைவியின் பெயரைச் சொல்லவும்’ என்றது. எல்லோரும் சொன்னோம். சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நான் சொன்னதும் திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. மொத்தம் எட்டு விநாடி. கைதட்டினோம்.

அந்தப் பெண் என்னிடம் தனியாக வந்து, “ஐயா, நாளைக்கு வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வாங்களேன். அவுங்க எப்படி யூஸ் பண்றாங்கன்னு பாக்கணும்” என்று கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “அவுங்களுக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? நான் சொன்னா அவுங்க சொன்ன மாதிரிதான்.”

அதற்குப் பிறகு அவர் வற்புறுத்தவில்லை. கருத்துத் தாள் ஒன்று கொடுத்தார். அதில் ‘மிக எளிது. பெண்களுக்கும் ஏற்றது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தாள் தங்கள் அலுவலகத்தில் எங்காவது இருக்கும். ‘பெண்களுக்கும் ஏற்றது’ என்று எந்தத் துணிச்சலில் எழுதினேன் என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

4. 2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக நானும் மனைவியும் சிதம்பரம் போனோம். எத்தனையோ ஆயிரம் தடவை இறங்கிய அதே பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நெஞ்சு வலி வந்து விழுந்துவிட்டேன். அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். ஆட்டோவில் ஏற்றி ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இருதயக் குழாயில் அடைப்பு, மறுநாள் பிற்பகல் சிகிச்சை செய்துவிட வேண்டும் என்றார்கள். அதற்குள் ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது.

எழிலன் கையில் இருந்ததை உடனே அனுப்பிவிட்டுப் பேருந்து ஏறினான். மீதி எங்கள் கூட்டுக் கணக்கில் இருந்தது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, கிளை விடுமுறை. என் கைப்பேசிக்கும் அட்டைக்கும் உரிய ரகசிய எண்கள் எனக்கு மட்டுமே தெரியும். நானோ வாயில் குழாயுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். மனைவியின் கைப்பேசியிலும் செயலி இருந்தது. சென்ற பொங்கலுக்கு வந்தபோது எழிலன் ஏற்றிக் கொடுத்தது. ஆனால் சரிபார்ப்பு முடிக்காமல் அரைகுறையாக நின்றது. அன்றே முடித்துவிடலாம் என்று அவன் சொன்னபோது, அம்மாவுக்கு எதுக்குடா அது என்று தடுத்தவனும் நான்தான்.

5. இனி வருவதை நான் கண்ணால் பார்க்கவில்லை. பரங்கிப்பேட்டையில் ஆசிரியையாக இருக்கும் திருமதி பிரிசில்லா என்பவர் தன் தந்தையை அதே பிரிவில் சேர்த்திருந்தார். அந்த இரண்டு நாளும் என் மனைவிக்குத் துணையாக இருந்தவர் அவரே. ஒரு மாதம் கழித்து, நான் போனில் வற்புறுத்திக் கேட்ட பிறகே நடந்ததைச் சொன்னார். அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் மனைவி செயலியைத் திறந்தார். தன் பெயரைச் சொன்னார், டிக் விழுந்தது. பிறந்த ஆண்டைச் சொன்னார், அதற்கும் விழுந்தது. பிறகு, ‘உங்கள் கணவரின் பெயரைச் சொல்லவும்’ என்று வந்தது. இருபது விநாடி அவகாசம். அவர் பேசாமல் இருந்தார், நேரம் முடிந்துவிட்டது.

இரண்டாவது முயற்சியில் பிரிசில்லா அவர்கள் பக்கத்திலிருந்து என் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ‘வேறு நபரின் குரல் கேட்கிறது. தனியாக இருக்கும் இடத்திற்குச் சென்று முயலவும்’ என்றது. மூன்றாவது முயற்சியில் என் மனைவி, கோயிலில் செய்வதுபோல, என் பெயர் இருக்கும் அட்டையைக் கைப்பேசியின் முன் நீட்டினார். ‘உங்கள் முகம் வட்டத்திற்குள் இல்லை’ என்றது. அதன்பின் சிவப்பு எழுத்தில், ‘இது கடைசி முயற்சி’ என்று வந்தது.

பிரிசில்லா அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, படிக்கட்டுப் பக்கம் தனியாகப் போயிருக்கிறார். தனியாக என்று சொன்னாலும், ஆள் நடமாட்டமுள்ள இடம். ஸ்ட்ரெச்சர் போகிறது, தண்ணீர் கேன் இறக்குகிறார்கள். முகம் வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் திரும்பிக்கொள்ளவும் வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல, என் பெயரைச் சொன்னார். நாற்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.

‘குரல் தெளிவாக இல்லை. உரக்கச் சொல்லவும்’ என்றது.

கொஞ்சம் உரக்கச் சொன்னார். ‘மீண்டும் ஒருமுறை சொல்லவும்.’ சொன்னார். ‘மீண்டும் ஒருமுறை சொல்லவும்.’ நான்காவது தடவை அவர் சொன்னது, பத்தடி தள்ளி நின்ற பிரிசில்லா அவர்களுக்கே நன்றாகக் கேட்டதாம். படியேறி வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகும் திரையில், ‘பெயர் பதிவாகவில்லை. 24 மணி நேரம் கழித்து முயலவும்’ என்று வந்து, செயலி தானாக மூடிக்கொண்டது.

என் மனைவி குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். மூன்று நான்கு தடவை கொப்பளித்தார் என்று சொன்னார்கள்.

6. எழிலன் ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்து, நண்பர்களிடம் வாங்கித் தொகையைக் கட்டிவிட்டான். ஆகவே பணம் கிடைக்காததால் சிகிச்சை தாமதமானது என்ற பேச்சு இல்லை. தங்கள் வங்கி மீது அப்படி ஒரு பழியை நான் போட மாட்டேன். ஆனால் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் முன்பே, இரண்டே முக்காலுக்கு, எனக்கு இரண்டாவது முறை நெஞ்சடைப்பு வந்துவிட்டது. உயிரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் என் இருதயம் இப்போது கால் பங்குதான் வேலை செய்கிறது. அது அன்றைக்கு எப்படியும் வந்திருக்கும், முதல் அடைப்பின் தொடர்ச்சிதான் என்று மருத்துவர் எனக்கும் சொன்னார், என் மனைவியை உட்காரவைத்துத் தனியாகவும் சொன்னார்.

அவருக்கு அது ஏறவில்லை. நான் திரும்பப் பிழைத்தேன் என்று செவிலியர் வந்து சொன்ன அந்த நேரத்தில், பிரிசில்லா அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “நாலு தரம் சொல்லிட்டன் டீச்சர். ஒரு தரம் இல்ல, நாலு தரம்.”

7. ஜூன் கடைசியில் வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து என் மனைவி எனக்கு எதிரில் உட்காருவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். மாத்திரையை நேரம் தவறாமல் கொண்டுவந்து தருகிறார், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. முன்பெல்லாம் காய்கறி வாங்கி வந்தால் கத்தரிக்காயில் நாலு ஓட்டையைக் காட்டிச் சண்டைக்கு வருவார். இப்போது சொத்தையை வாங்கி வந்தாலும் பேசாமல் நறுக்குகிறார். கைப்பேசி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கு என் பெயர் எழுதிய சீட்டு நான்கு கொண்டுபோகிறார். குருக்களே ஏனம்மா நாலு என்று கேட்டாராம்.

இதையெல்லாம் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஐயா. வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம். எனக்கு இருதயம் கால் பங்கு இருக்கிறது, அதற்கு மாத்திரை இருக்கிறது. தன் வாயாலேயே என்னைக் கொண்டுபோகிறோம் என்று ஒருத்தி ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு, எனக்கே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். அதற்கு என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியவில்லை.

8. நான் செயலியில் புகார் எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. இரண்டு நாளில் ‘தீர்க்கப்பட்டது’ என்று வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்றும் கேட்டது. கிளை மேலாளரை நேரில் பார்த்தேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மரியாதையாகத்தான் நடத்தினார். “சிஸ்டம் கேக்குது சார், நாங்க என்ன பண்றது” என்றார். இந்தக் காலத்தில் இப்படியும் இருக்கிறார்களா என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நானும் நாற்பது வருடம் அப்படித்தான் சிரித்தேன் என்பதால் அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை.

ஆனால் ‘சிஸ்டம் கேக்குது’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பேருந்தில் ஏறியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசியவர்கள் அல்ல. ஆலப்பாக்கத்தில் வாய் பேச முடியாத ஒருவர் ஏறுவார். இரண்டு விரலைக் காட்டினால் புதுச்சத்திரம், கையை முழுதாக விரித்தால் சிதம்பரம். திக்கிப் பேசும் ஒரு பையன் காசை உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். அந்தக் காசுக்கு எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். சில பெண்கள், புருஷன் பெயரே ஊருக்கும் இருப்பதால், ஊர்ப் பெயரைச் சொல்லாமல், “எங்கூட்டுக்காரர் ஊரு” என்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள், டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவேன். தெளிவாக உரக்கச் சொன்னால்தான் டிக்கெட், இல்லையேல் இறங்கி நாளைக்கு வாருங்கள் என்று நான் சொல்லியிருந்தால், பி.முட்லூர் தாண்டும் முன் ஜனங்கள் என்னை இறக்கிவிட்டிருப்பார்கள். கேட்பவனுக்கு வேண்டியது ஆள் யார், எங்கே போக வேண்டும் என்பதுதான். எந்த வழியில் சொன்னால் என்ன?

9. சென்ற வெள்ளிக்கிழமை, 12ஆம் தேதி, என் மனைவி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தபோது நான் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். மூடநம்பிக்கை, படித்தவள் இப்படி நினைக்கலாமா என்றெல்லாம் பேசி ஏற்கெனவே தோற்றிருந்தேன். ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிட்டு, அன்றைக்குத் திரையில் கடைசியாக வந்ததையே எடுத்தேன். பெயர் பதிவாகவில்லை என்றுதானே வந்தது, நீ சொன்னது எங்கும் ஏறவே இல்லையே, ஏறாதது சொல்லாததற்குச் சமம்தானே என்று கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “அத அவுங்க எழுதிக் குடுப்பாங்களா?”

ஜூன் மாதத்திலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த மனுவை எழுதுவது அதற்காகத்தான்.

10. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

(அ) 14.06.2025 சனிக்கிழமை முற்பகல் எங்கள் கணக்கில் நடந்த குரல் சரிபார்ப்பில், திருமதி க. பொன்னி அவர்கள் தன் கணவரின் பெயரைச் சொன்னதாக வங்கியில் எந்தப் பதிவும் இல்லை என்று, தமிழில், அவர் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். என் பெயருக்கு வேண்டாம். என் வழியாக வந்தால் நானே ஏற்பாடு செய்தது என்று நினைப்பார். குறுஞ்செய்தியாகவும் வேண்டாம், கைப்பேசியில் வரும் எதையும் அவர் தொடுவதில்லை. காகிதத்தில், தங்கள் கையெழுத்தும் வட்ட முத்திரையும் வைத்து, தபாலில் வர வேண்டும். முத்திரை சற்று அழுத்தமாக விழுந்தால் நல்லது.

நான் தங்களைப் பொய்ச் சான்று கேட்கவில்லை. தங்கள் இயந்திரம் தானாகச் சொன்னதைத்தான் மையில் எழுதித் தரக் கேட்கிறேன். ஒருவேளை அந்தக் குரல் எங்காவது ஒரு கணினியில் தங்கியிருந்தால், முதலில் அதை அழித்துவிட்டு, பிறகு எழுதுங்கள். கணக்குதாரர் என்ற முறையில் அழிப்பதற்கு என் சம்மதத்தை இந்த மனுவிலேயே தருகிறேன். என் மனைவியிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று விதி இருந்தால், தயவுசெய்து கடிதத்தில் கேளுங்கள், பேசச் சொல்லிக் கேட்காதீர்கள்.

(ஆ) செயலியில் கணவர் பெயரை வாயால் சொல்லச் சொல்லும் கேள்வியை எடுத்துவிட வேண்டும். எழுதிக் காட்ட விடுங்கள். அல்லது நான்கு பெயர் போட்டு, இதில் எது என்று விரலால் தொடச் சொல்லுங்கள். அல்லது அவருக்கே சொந்தமான எதையாவது கேளுங்கள். காடாம்புலியூரில் அவர் அப்பா வைத்த முந்திரி எத்தனை மரம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். ஒரு பெண்ணை அவள்தானா என்று தெரிந்துகொள்ள அவள் புருஷன் பெயரை ஏன் கேட்க வேண்டும் என்பது, அறுபத்தாறு வயதில் இப்போதுதான் எனக்கே தோன்றுகிறது.

(இ) இது கொஞ்சம் கடினமானது. கணக்குதாரர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசு என்ன செய்ய வேண்டும் என்று தங்கள் செயலியில் ஒரு பக்கம் உண்டு. சென்ற வாரம் அதைத் திறந்து பார்த்தேன். அதிலும் ‘பேசினால் போதும்’ இருக்கிறது. ‘இறந்த கணக்குதாரரின் பெயரை உரக்கச் சொல்லவும்’ என்பது மூன்றாவது கேள்வி. என் வீட்டில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள்தான் போய்விட்டாரே, இனி பெயரைச் சொன்னால் எந்த ஆயுள் குறையப்போகிறது என்று அன்று கவுன்ட்டரில் யாராவது அவரிடம் சொல்லக்கூடும். அப்படி ஒருவரும் அவரிடம் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை அதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

(ஈ) செல்வி சத்யப்பிரியா இன்னும் அந்த வேலையில் இருந்தால், அவர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவர் சரியாகத்தான் கேட்டார், பதில் சொன்ன நான்தான் தவறு. அவர் மறுபடியும் எங்கள் ஊருக்கு வர வேண்டும். இந்தத் தடவை பெண்களை மட்டும் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் மட்டும் போதாது, அண்ணாகிராமம், காடாம்புலியூர் பக்கமும் போக வேண்டும். பக்கத்தில் புருஷன்மார் யாரும் இருக்கக் கூடாது. குறிப்பாக, சங்கச் செயலாளர் இருக்கக் கூடாது.

11. புகார் மனுக்களுக்கு முப்பது நாளில் பதில் தருவது தங்கள் அலுவலக நடைமுறை என்று கிளையில் எழுதி ஒட்டியிருக்கிறது. நடைமுறையை மீறச் சொல்லி வாழ்நாளில் யாரிடமும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என் மருத்துவர் நாள் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் முன்பு வருடக் கணக்கில் பேசியவர் இப்போது மாதக் கணக்கில் பேசுகிறார். அந்தக் கடிதம் நான் இருக்கும்போதே வந்துவிட்டால், அதை வாசித்துவிட்டு என் மனைவி என் எதிரில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவார் என்று நம்புகிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

தாமதமாகி, அதற்குள் நான் போய்விட்டால், மனுதாரர் இறந்துவிட்டார் என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள், ஐயா. அந்தக் கடிதத்தை எப்படியும் அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் அது அவருக்கு அதிகம் வேண்டியிருக்கும்.

தங்கள் கருணையை எதிர்பார்த்து,
தங்கள் பணிவுள்ள,

(ஒப்பம்)
ச. கலியமூர்த்தி

இடம்: கடலூர்
நாள்: 18.09.2025

இணைப்பு:
1. கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல்.
2. மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தின் நகல்.
3. என் மனைவியின் பெயரும் முகவரியும் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று.